ஈரம் காயாத வாய்

தினமும் போடுகிறீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதல் நாள் கோடு, மறுநாள் நிழல், அடுத்த நாள் 'கண்கள் வந்துவிட்டன' என்று கேன்வாஸைப் போனில் பிடித்து ஊருக்கே காட்டுகிறீர்கள். யார் யார் கை தட்டினார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த நாள் பிரஷ்ஷையே தொடுகிறீர்கள். அரைவேக்காட்டுச் சோற்றை யாராவது பந்தியில் கொண்டு வந்து வைப்பார்களா? கேட்டால் கிழவிக்கு வயிற்றெரிச்சல் என்பீர்கள். ஆமாம், எரிச்சல்தான். அதற்குக் காரணம் இருக்கிறது.

'படம் வரையப் புதிதாக வருகிறவர்களுக்காக உங்கள் அனுபவங்களை எழுதித் தாருங்கள்' என்று உங்களில் சிலர் என்னை நச்சரித்தீர்கள். கோபம் ஆறட்டும், பிறகு நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆறுகிற வழியைக் காணோம். சூட்டோடேயே எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் கோமதி. மத்திய அரசு குமாஸ்தாவின் மகள், தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஆளை எதிரே உட்காரவைத்து, உள்ளது உள்ளபடி எண்ணெய் வண்ணத்தில் வரைவது என் தொழில். பள்ளிக்கூட ஹால்களிலும் ஆபீஸ் வராந்தாக்களிலும் பெரிய மனிதர்களின் படங்கள் தொங்குமே, நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டீ குடிக்கப் போவீர்களே, அவற்றில் பல என் கைவேலை. இப்போது ஆர்டர் எடுப்பதில்லை. நான் சொல்லப்போவது கடைசியாக எடுத்த ஆர்டர்களில் ஒன்று.

தெற்கு தில்லியில் ஒரு நர்ஸிங் பள்ளி. பெயர் வேண்டாம். அதன் நிர்வாக அலுவலர் சுரேஷ் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தான். தமிழ்ப் பையன்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லி. தமிழ் பேசும்போது நடுநடுவே நின்று ஹிந்தியில் மூச்சு வாங்குவான்.

"எஸ்தர் மேடம்னு எங்க டீச்சர், ரிட்டயர் ஆயிட்டாங்க. ஓல்டு ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் சேர்ந்து ஹால்ல அவங்க ஆயில் பெயின்டிங் வெக்கணும்னு ஆசைப்படறாங்க. ஒரே ப்ராப்ளம், மேடம். அவங்க ஃபோட்டோவே கிடையாது."

"அதெப்படிக் கிடையாது? இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்காங்க."

"இருக்கு. ஆனா எல்லாத்துலயும் சைடா நிக்கறாங்க. இல்லேன்னா யார் பின்னாடியாவது. க்யா கரேன், என்ன பண்றது."

"நல்லதாப் போச்சு. நேர்ல பார்த்தே வரையறேன்."

"அச்சா மேடம். டெய்லி ஒரு ஃபோட்டோ மட்டும் அனுப்பிடுங்க. எவ்வளவு ஆச்சுன்னு க்ரூப்ல போடணும், எல்லாரும் வெயிட்டிங்."

இப்போது எல்லா வாடிக்கையாளர்களும் கேட்பதுதானே என்று சரி சொல்லிவிட்டேன்.

எஸ்தர் கிட்வாய் நகரில், மகனுக்குக் கிடைத்த அரசாங்க ஃப்ளாட்டில் இருந்தார். மகன் காலையில் ஆபீஸ் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். பகல் முழுக்க வீட்டில் எஸ்தர் மட்டும். என்னைவிடச் சில வயது இளையவர், நாசரேத் பக்கத்துக்காரர், தில்லிக்கு நர்ஸாக வந்து பிறகு நர்ஸ்களுக்குப் பாடம் சொல்லித் தரும் டீச்சர் ஆனவர். கதவைத் திறந்தபோது மூக்கு வரைக்கும் ஷால் சுற்றியிருந்தார். ஜனவரி மாதம். தில்லியில் அந்த மாதம் பாதிப் பேருக்கு முகமே இருக்காது, அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் உள்ளே வந்து, ஹீட்டர் போட்டு, வெளிச்சம் பார்த்து நாற்காலியைத் திருப்பி அவரை உட்காரவைத்த பிறகும் ஷால் இறங்கவில்லை.

"ஷாலை எடுத்துடுங்க. முகம் வேணும்ல?" என்றேன்.

"எடுக்கலாம். இன்னைக்கு வேண்டாம்." ஷாலை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரு கண்டிஷன் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. என்னைய நேரா வரையணும். சைடுல வேண்டாம். ஆனா வாய மட்டும் நான் சொல்லுதப்பதான் வரையணும்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. மந்திரிகளையே 'தலையை ஆட்டாதீங்க சார்' என்று அதட்டி உட்காரவைத்தவள் நான். எனக்குக் கண்டிஷனா?

"வாய் இல்லாம முகத்தை எப்படிம்மா வரையறது?"

"நெத்தியில இருந்து ஆரம்பிங்க. வாயி எங்க ஓடிரப் போகுது?"

சிரிப்பு வந்துவிட்டது. ஆரம்பித்தேன். ஆனால் நானும் என் கண்டிஷனைச் சொன்னேன். எண்ணெய் வண்ணம் காய்ந்துவிட்டதா என்று விரலை வைத்துப் பார்க்காத மனிதரை நான் இந்தத் தில்லியில் கண்டதில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. ஒரு பெரிய அதிகாரியின் மனைவி, கணவர் மூக்கு நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அந்த மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தி சப்பையாக்கியிருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் அவர் வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சொல்லிவிடுவேன்: தொட்டால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

"நானும் வார்டுல அதேதான் சொல்லுவேன். காயத்துக் கட்டைத் தொடாதேன்னா முதல்ல அதத்தான் தொடுவாங்க" என்றார் எஸ்தர்.

பதினொரு மணி வாக்கில் டீ போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு ஒரு கிளாஸ் கொடுத்துவிட்டு, தன் கிளாஸோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஷாலைத் தூக்கிக் குடித்தார். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு என் சுபாவத்தில் எவ்வளவு கஷ்டம் என்று என்னிடம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சில நாள் கழித்து, புருவத்தை வரைந்துகொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"இப்படித்தான் ஒரு தை மாசம். காலை ட்யூட்டிக்குப் பஸ்ஸில வந்து இறங்கி, வார்டுல சிஸ்டர் ஒருத்திகிட்டப் பேசுதேன். அவ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கா. வாயி ஒரு பக்கமா இழுத்துட்டு. குளிர்காத்து மூஞ்சியில அடிச்சு நரம்பு இழுத்துட்டுன்னாங்க. கரண்டு வச்சாங்க, எக்சர்சைஸ் சொன்னாங்க. நெறையப் பேருக்குச் சரியாயிரும், நானே எத்தனை பேருக்குத் தைரியம் சொல்லியிருக்கேன். எனக்குப் பாதிதான் சரியாச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் டீச்சரானேன். பிள்ளைங்க பேரு வச்சிட்டாங்க. டேடி மேடம்."

டேடி என்றால் ஹிந்தியில் கோணல். கோணல் மேடம். எனக்குக் கையில் இருந்த பிரஷ் நின்றுவிட்டது.

"உங்க காதுபடவா?"

"வராந்தாவுல போகையில பின்னாடி கேக்கும். திரும்பிப் பாக்க மாட்டேன். திரும்புனா வாயி தெரியும்லா."

இதைச் சொல்லும்போது குரலில் அழுகையும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அப்படிப் பேர் வைத்த பெண்கள்தான் இப்போது பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் சீனியர் சிஸ்டர்களாக இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்துதான் எனக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். பாசம் இல்லாமல் இல்லை. பாசமாக இருக்கிறவர்கள்தான் பட்டப் பேரும் வைப்பார்கள், அதுவும் தெரியும். தெரிந்து என்ன?

"இவ்வளவு நாள் மறைச்சவங்க, இப்ப மட்டும் ஏன் நேரா வரையச் சொல்றீங்க?"

"உசிரோட இருக்கையிலதான் சைடுலயே நின்னாச்சு. சுவத்துல தொங்கும்போதும் சைடுலயா தொங்கணும்? எனக்கே சலிச்சுப் போச்சுக்கா."

அன்றைக்குத்தான் இந்தப் படம் எதற்காக என்று எனக்குப் புரிந்தது. ஹாலுக்கு ஒரு படம் வேண்டும் என்பது சுரேஷின் கவலை. எஸ்தர் ஒரே ஒரு தடவையாவது அந்த ஹாலில் நேராகப் பார்த்து இருக்க வேண்டும் என்று நினைத்தார். அதற்கு அவர் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தார், நான் நெற்றியும் கண்ணும் வரைந்துகொண்டு காத்திருந்தேன்.

கண்கள் முடிந்தன. இழுத்துக்கொண்ட பக்கத்துக் கண் மற்றதைவிடக் கொஞ்சம் சிறுத்திருந்தது, அதை அப்படியே வைத்தேன். ஷாலை மேலுதடு வரைக்கும் இறக்கித் தந்தார்; மூக்கு, கன்னம், காதோர நரை எல்லாம் வந்துவிட்டன. வாய் இருக்கவேண்டிய இடத்தில் அடிவண்ணம் மட்டும் ஒரு மங்கிய திட்டாக நின்றது. அன்றன்றைக்கு எடுத்த ஃபோட்டோவைப் பேசின பேச்சுக்குக் கட்டுப்பட்டு சுரேஷுக்கு அனுப்பினேன். அவன் அதை க்ரூப்பில் போட்டுவிட்டு, வந்த கருத்துகளை எனக்குத் திருப்பி அனுப்புவான். கொஞ்சம் கலராகக் காட்டலாமே மேடம். கன்னம் டல்லாக இருக்கிறது. ஒரு கண் சின்னதாக வந்துவிட்டது, கவனிக்கவும். வயதைக் குறைத்துக் காட்டுங்கள். ஸ்மைல் வையுங்கள் மேடம், நர்ஸ் என்றாலே ஸ்மைல்தானே.

கவனிக்கவுமாம்! நானா கவனிக்காதவள்? எல்லாவற்றுக்கும் 'பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை பதில் போட்டுவிட்டு வண்ணத்தைக் குழைக்கப் போய்விடுவேன். நீங்களும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். பத்துப் பேர் சொல்வதைக் கேட்டு ஒரு கன்னத்தைத் திருத்த ஆரம்பித்தால் கடைசியில் அது யார் கன்னமும் இல்லாமல் போகும்.

பனிமூட்டம் நீங்காத வாரம் அது. வெயில் இல்லாததால் போட்ட வண்ணம் காயவே மாட்டேன் என்றது. அந்தச் சமயம் பார்த்து சுரேஷ் போன் செய்தான்.

"மேடம், ஃபங்ஷன் டேட் முன்னாடி வந்துடுச்சு. சீஃப் கெஸ்ட் ஃபாரின் போறாராம். ஜல்தி முடிச்சுடுங்க."

"வாய் இன்னும் வரையல, சுரேஷ்."

"வாய்தானே மேடம். ஒரு லைன்தானே."

போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் பால்கனியில் நின்றேன். வாய்தானேயாம். ஒரு லைன்தானேயாம். முகத்தில் கண்ணை எவன் வேண்டுமானாலும் வரைந்துவிடுவான். மனுஷன் ஒரு நாளில் பேசியது, பேசாமல் விழுங்கியது எல்லாம் போய்த் தங்குகிற இடம் வாய். அதில் மயிரிழை தப்பினாலும் எதிரே இருப்பவர் வேறு யாரோ ஆகிவிடுவார். அதிலும் இந்த வாய்.

தேதி முன்னால் வந்தது எஸ்தருக்கும் தெரியும். அவருக்கும் சொல்லியிருந்தார்கள். 'நாள் இல்லை, ஷாலை எடுங்கள்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். காலமெல்லாம் சொன்னதைக் கேட்டே பழகிய நர்ஸ் அவர். ஆனால் அப்படி எடுத்தால் அது என் அவசரத்துக்கு எடுத்ததாக ஆகும். அவர் கேட்டது அது இல்லை. ஆகவே நான் வாயைத் திறக்காமல், பக்கத்தில் மாட்டிவைத்திருந்த அவருடைய பழைய யூனிஃபார்ம் கோட்டைப் பார்த்துக் காலரை வரைந்தேன். கோட்டுப் பட்டனை வரைந்தேன். மறுநாளும் காலரை வரைந்தேன். வரைந்த காலரைச் சுரண்டிவிட்டு மறுபடி காலரையே வரைந்தேன்.

"அக்கா, காலரையே எத்தனை நாளு வரைவீங்க?" என்றார் எஸ்தர்.

"நீங்க சொல்ற வரைக்கும்."

அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஷாலை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தார்.

ஒரு பக்க உதடு இறங்கியிருந்தது. அதை ஈடுகட்ட மறு பக்கக் கன்னம் ஓர் ஆழமான மடிப்பாக மேலே இழுத்துப் பிடித்திருந்தது. அழகா, அசிங்கமா என்ற கேள்வி வேலை செய்கிற நேரத்தில் எனக்கு வராது. எந்த இடத்தில் இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் வரும். நான் பார்த்தேன், அவர் பார்க்கவிட்டார். பேச்சே இல்லை. டீயும் இல்லை. வெளிச்சம் போகும் வரைக்கும் விடாமல் வரைந்தேன். என் ஆயுளில் ஒரே அமர்வில் அவ்வளவு சரியாக ஒரு வாய் வந்ததில்லை.

"முடிஞ்சிட்டு. பாக்கறீங்களா?" என்றேன். அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப வேண்டாம். எல்லாரும் பாக்கையில நானும் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு ஷாலை மறுபடி சுற்றிக்கொண்டார்.

அன்று ராத்திரி சுரேஷ் ஃபோட்டோ கேட்டான். கிடையாது என்றேன். ஏன் மேடம் என்றான். கிடையாதென்றால் கிடையாது என்றேன். படத்தில் இருப்பவரே இன்னும் பார்க்கவில்லை, அந்த வாயை க்ரூப்பில் நூறு பேர் பார்த்து ஸ்மைல் வைக்கச் சொல்வதா? வாய் முடிந்துவிட்டது, ஃபங்ஷன் அன்றைக்கு நானே எடுத்து வருகிறேன், ஈரமாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். "டென்ஷன் எடுத்துக்காதீங்க மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவன் ஏதோ படத்தை நிறுத்திவைக்கும் ஈஸலைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபங்ஷன் அன்று காலை, ஈரப் படத்தை எதிலும் படாதபடி ஒரு தட்டைப் பெட்டியில் பொருத்தி, டாக்ஸியில் மடிமேல் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் டிரைவரைத் திட்டினேன். பாவம் அவர். ஹால் வாசலில் சுரேஷ் புது கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். பெட்டியைப் பார்த்து முகம் சுருங்கியது.

"அர்ரே மேடம், இதை எதுக்குக் கஷ்டப்பட்டு எடுத்துட்டு வந்தீங்க?"

"எதுக்கா?"

"ஈரம்னு சொன்னீங்கள்ல. கர்ட்டன் பட்டுடும், கெஸ்ட் மேல பட்டுடும். அதான் ஃபங்ஷனுக்குக் கேன்வாஸ் ப்ரிண்ட் போட்டு மாட்டியாச்சு. ஒரிஜினலை அப்புறமா மாத்திக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

மேடைச் சுவரில் நீலத் திரை தொங்கியது.

"எதை ப்ரிண்ட் போட்டே?"

"நீங்க லாஸ்ட்டா அனுப்பின ஃபோட்டோவை."

"அதுல வாயே இல்லையேப்பா."

"ஆப்ல போட்டா அதுவே ஃபில் பண்ணிடும் மேடம். ஏ ஒன்னா வந்திருக்கு. நீங்களே பாத்து அசந்துடுவீங்க."

திரையை நோக்கி நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது, எல்லாரும் எழுந்து நின்றார்கள், யாரோ என்னைப் பிடித்து முன்வரிசையில் எஸ்தருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். எஸ்தர் நல்ல பட்டுப்புடவை கட்டி, மேலே ஷால் சுற்றியிருந்தார். பெட்டியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தேன்.

"எஸ்தர், அங்க தொங்கறது என் படம் இல்லை."

"அப்ப யாரு வரைஞ்சது?"

"போன்."

அவருக்கு அது விளங்குவதற்குள் திரையை இழுத்துவிட்டார்கள்.

நெற்றி என்னுடையது. கண்கள் என்னுடையவை, அந்தச் சிறுத்த கண் உட்பட. அதற்குக் கீழே பற்பசை விளம்பரத்தில் வருகிற ஒரு வாய். இரண்டு பக்கமும் அளந்து வைத்தாற்போல் நேரான உதடு, வெள்ளை வெளேரென்று பல் வரிசை, சிரிப்பு. காலரை மட்டும் தொடவில்லை. மூலையில் என் பெயர் வேறு, வேறு ஏதோ படத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்தான். ஹால் முழுக்கக் கைதட்டல். சீஃப் கெஸ்ட் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மிகவும் உயிரோட்டமாக இருக்கிறது என்று சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். நாக்கு நுனியில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மைக் நாலடி தூரத்தில் இருந்தது. 'இது என் படம் இல்லை, இது பொய்' என்று ஒரு கத்துக் கத்தினால் போதும். ஆனால் கத்தினால் அடுத்த நிமிஷம் எல்லாரும் கேட்பார்கள், இதில் என்ன பொய் என்று. அதற்கு என்ன பதில் சொல்வது? இவர் வாய் கோணல் என்றா? அந்த வாயை எனக்குக் காட்ட அவருக்கு எத்தனையோ நாள் ஆயிற்று. அதை நான் மைக்கில் சொல்வதா? என் படம், என் பெயர், என் மானம், எல்லாம் உண்மைதான். வாய் அவருடையது.

உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்களுக்குச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் நான் செய்தவற்றிலேயே கஷ்டமான காரியம் அப்போது உட்கார்ந்ததுதான்.

எஸ்தர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணு என்னது," என்றார் மெதுவாக. "மத்தது யாரோ."

சுரேஷ் மைக்கில் அவரை அழைத்தான். படத்துக்குப் பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். எஸ்தர் எழுந்து போனார். அந்தப் பள்ளியின் விழாக்களுக்கெல்லாம் வழக்கமாக வரும் ஃபோட்டோகிராஃபர்தான் அன்றும் வந்திருந்தார். அவருக்கு மேடத்தின் வழக்கம் தெரியும். யாரும் சொல்லாமலே கேமராவைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். "மேடம், ஆப்வாலா சைட்," என்றார் அக்கறையாக.

உங்கள் பக்கம். பல வருஷமாக அவருக்கென்று ஒதுக்கிவைத்த பக்கம்.

எஸ்தர் நகரவில்லை. ஷாலை எடுத்தார். கிட்வாய் நகர் வீட்டில் மடித்ததுபோலவே மடித்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டார். ஹாலைப் பார்த்து நேராக நின்றார்.

"பையா, சாம்னே ஸே லோ," என்றார்.

முன்னாலிருந்து எடு என்று சொன்னதைக் கேட்டு ஃபோட்டோகிராஃபர் ஒரு நொடி விழித்தார். பிறகு எதிரே வந்து நின்றார். கைதட்டிக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. எஸ்தர் ஹிந்தியில் பேசினார். சத்தமாக இல்லை, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார். சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிற அம்மாவைத் தனக்குத் தெரியாது என்றார். உங்கள் டேடி மேடம் இதுதான் என்றார். வராந்தாவில் பின்னால் நின்று பார்த்திருக்கிறீர்கள், இப்போது முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரம் இல்லை என்றார்.

மூன்றாம் வரிசையில் நடுத்தர வயது சிஸ்டர் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சீஃப் கெஸ்ட் தன் பூச்செண்டைப் பார்த்தார். ஃபோட்டோகிராஃபர் எடுத்தார், மறுபடி எடுத்தார்.

"கோமதியக்கா, ஒங்க பெட்டியக் கொண்டு வாங்க."

கொண்டுபோனேன். மேடை நாற்காலி ஒன்றில் படத்தை நிமிர்த்தி வைத்தேன். இரண்டு பேர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள், யாரும் கிட்டே வரக்கூடாது என்று நான் போட்ட சத்தம் மைக்கிலேயே கேட்டது. எஸ்தர் மட்டும் கிட்டே வந்தார். அவர் அதை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தார். குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெகு நேரம் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, உதடு இறங்குகிற அந்த ஓரத்தைத் தொட்டார்.

"மேடம், கீலா ஹை, கீலா ஹை," என்று பதறினான் சுரேஷ். ஈரமாம். என் படத்தைப் பற்றி அவனுக்கு அன்றைக்குத்தான் கவலை வந்தது.

நான் அவனைக் கையமர்த்தினேன்.

"ஈரமா இருக்குல்லா," என்றார் எஸ்தர். விரலில் ஒட்டிய வண்ணத்தைப் பார்த்தார். பட்டுப்புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டார். டர்பன்டைன் போடாமல் போகாது என்று சொல்ல வந்து, விட்டுவிட்டேன்.

விழா முடிந்ததும் சுரேஷை அவன் அறையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். என்ன பேசினேன் என்பது உங்களுக்கு வேண்டாம், உங்களுக்கும் அவன் வயதுதான். கடைசியில் அவன் கண் கலங்கி, "நல்லதுக்குத்தானே மேடம் செஞ்சேன்," என்றான். அதுதான் என்னால் தாங்க முடியாதது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒரு அறை விட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்த வாய் நேராக இருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அவன் மெய்யாகவே நம்பியிருக்கிறான். ப்ரிண்டை அவனையே ஏணி போட்டு ஏறவைத்து, என் கண் எதிரில் கழற்றவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

'அப்படியென்றால் ஃபோட்டோ போடவே கூடாதா ஆன்ட்டி' என்று கேட்பீர்கள். போடுங்கள். நான் சொன்னால் நிறுத்திவிடவா போகிறீர்கள்? ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். அவர் இன்னும் திறந்து காட்டாத இடத்தைக் காலியாக விட்டு ஊருக்கு அனுப்பாதீர்கள். காலி இடத்தைக் கண்டால் நிரப்புவதற்கு இப்போது எல்லார் கையிலும் கருவி இருக்கிறது.

படம் காய்வதற்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் பிடித்தது. காய்ந்த பிறகு சுரேஷ் பயந்து பயந்து போன் செய்தான். வாய் ஓரத்தில் விரல் தேய்த்த தடம் அப்படியே நிற்கிறது, வந்து சரி செய்து தர முடியுமா என்று கேட்டான். முடியாது என்றேன்.

இப்போதும் அந்த ஹாலில்தான் தொங்குகிறது. நேராகப் பார்த்துக்கொண்டு இருப்பார். போய்ப் பாருங்கள், தொட்டுத் தொலைக்காதீர்கள்.